மூன்றாம் வாசலில் வெள்ளைக் குடை

குடையைத் தொலைப்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். மாநகராட்சி அரங்க வளாகத்தில் இருபத்து நான்கு வருடம் அறிவிப்பாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பர்ஸைத் தொலைத்தவர் யார்மீதோ பழியோடு வருவார். குழந்தையைத் தொலைத்தவர் தன்மீதே பழியோடு வருவார். குடையைத் தொலைத்தவர் மட்டும் அசடு வழியச் சிரித்துக்கொண்டு வருவார்.

நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள். எழுதித் தருகிறேன் என்றேன். என் குரலில் எதைச் சொன்னாலும் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். அது உங்கள் வேலைக்கு இடைஞ்சல்.

விசாரணைக்கு வந்த இந்த மூன்று வாரத்தில் வளாகத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். எட்டாயிரம் இருக்கைகள் கொண்ட பெரிய அரங்கு, அதற்கு எட்டு வாசல்கள். பக்கத்தில் நீச்சல் குளம், சின்ன அரங்கு, வண்டி நிறுத்துமிடம். ஒரு வாரம் கூடைப்பந்து, மறு வாரம் பாட்டுக் கச்சேரி, அதற்கடுத்த வாரம் மல்யுத்தம். தரையைப் பெயர்த்து வேறு தரை போடுவார்கள். மேடை வரும், போகும். நான் கூரைக்குக் கீழே ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பேன். ஏற அறுபத்திரண்டு இரும்புப் படிகள். அங்கிருந்து எல்லாத் தலையும் தெரியும், எந்த முகமும் தெரியாது.

வெளியே என் முகமும் யாருக்கும் தெரியாது. ஆனால் மருந்துக் கடையில் போய் "இருமல் மாத்திரை ரெண்டு" என்று கேட்டால் வரிசையில் நிற்பவர்கள் தங்களையறியாமல் நேராக நிற்பார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

இனி குடை விஷயம்.

அரங்கில் தீ என்றால் 'தீ' என்று அறிவிக்கக்கூடாது. சொன்னால் தீயில் சாகிறவர்களைவிட மிதிபட்டுச் சாகிறவர்கள் அதிகம். ஆகவே வளாகத்தைக் கட்டிய முதல் பொறியாளர் ஒரு வாக்கியம் எழுதி வைத்தார். "வெள்ளைக் குடை ஒன்று இன்ன வாசலில் இருக்கிறது. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்." வெள்ளைக் குடை யாரும் கொண்டுவருவதில்லை. கேட்கிற ஜனத்துக்கு அது யாருடைய குடையோ. காவலர்களுக்கு மட்டும் தெரியும், அந்த வாசலில் தீ. அந்த வாசலில் நிற்பவன் உடனே ஷட்டரை இறக்கிப் பூட்டி, கையை விரித்துக்கொண்டு முன்னால் நிற்க வேண்டும். மற்ற ஏழு வாசல்காரர்களும் தங்கள் வாசலைத் திறந்து, சிரித்த முகத்தோடு கூட்டத்தை வெளியே அனுப்ப வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. வளாகத்துக்குள் குடையைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசக்கூடாது. ஒரு ரசிகர் காதில் விழுந்தாலும் ரகசியம் போயிற்று.

இருபத்து நான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் நிஜமாகச் சொன்னேன். ஐந்தாம் வாசல் பக்கம் மின்கம்பிகள் எரிந்தன. ஆறாயிரம் பேர் ஒன்பது நிமிடத்தில் வெளியே போனார்கள். அவ்வளவு பேருக்கும் நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிட்டது என்ற வருத்தம்தான். கடைசிப் பாட்டைப் பாடாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று மறுநாள் புகார்க் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடி அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அன்று ஐந்தாம் வாசலில் ஷட்டரை இறக்கி நின்றவன் என் மச்சினன். என் மனைவியின் தம்பி. அவனைப் 'பூட்டு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது தன் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். பிறகு பக்கத்து வீட்டுக் கதவையும் இழுத்துப் பார்ப்பான். அன்று புகை முதுகில் அடிக்க, கண்ணீர் வழிய, வந்தவர்களிடமெல்லாம் "அந்தப் பக்கம் போங்கம்மா, இங்க பெயின்ட் அடிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றான். அவனைக் காவலர் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான், குடையைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

போன வருடம் புது நிர்வாகி வந்தார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசியதில்லை. வந்த மூன்றாம் மாதம் பழைய காவலர்கள் நாற்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்களை வைத்தார். ஆறாம் மாதம் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க குரல் மாதிரி ஒரு குரல் இனிமே கிடைக்காது சார்" என்றார்.

நன்றி என்றேன்.

"அதனால அதைப் பதிவு பண்ணி வச்சுக்கலாம்னு முடிவு பண்ணிருக்கோம். எந்த அறிவிப்பு வேணுமோ, பொத்தானை அமுக்கினாப் போதும். உங்க குரல்தான் சார் இருக்கும். நீங்க நிம்மதியா ஓய்வு எடுத்துக்கலாம்."

"நான் வேண்டாம், குரல் வேணும்."

"அப்படிச் சொல்லாதீங்க. குரல் இருந்தா நீங்க இருக்கற மாதிரிதானே."

எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கோபக்காரன் அல்ல.

பதிவுக்கு இரண்டு நாள் ஆனது. ஒலிப்பதிவு செய்த பெண் என் மகள் வயதிருப்பாள், எனக்கு மகள் இருந்திருந்தால். கலகலப்பானவள். எட்டு வாசல்களுக்கும் குடை வாக்கியத்தைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"யாரு சார் இன்னும் வெள்ளைக் குடை பிடிக்கிறா? ராஜாவா? வேற கலர் சொல்லுங்களேன்."

"எழுதியிருக்கிறதைத்தான் சொல்லணும்."

"சரி, கொஞ்சம் சிரிச்சாப்புல சொல்லுங்க சார். குடைதானே, எழவு வீட்டுச் சேதி மாதிரி சொல்றீங்க."

சிரிக்காமல்தான் சொன்னேன். அவள் அதையே வைத்துக்கொண்டாள். வாசலுக்கு ஒன்றாக எட்டுப் பொத்தான்கள் கொண்ட பலகை ஒன்று என் மேஜைக்கு வந்தது. மாத முடிவு வரை நான் இருந்து, அந்தப் பலகை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு என்னை வைத்ததில் ஒரு மரியாதை இருந்தது என்று நிர்வாகி நினைத்திருப்பார்.

அந்த வாரம் ஒரு காலையில் ஒத்திகை. அலுவலக ஊழியர்கள் முந்நூறு பேரை ரசிகர்களாக உட்காரவைத்தார்கள். புதிய காவலர்களின் தலைவன், கழுத்தில் ஊதலோடு எப்போதும் நிற்பான், ஆகவே அவன் பெயர் 'விசில்', அவன் நடுத்தரையில் நின்றான். மூன்றாம் வாசல் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். என் குரல் வந்தது.

காவலர்கள் அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு முந்நூறு பேரையும் மூன்றாம் வாசலுக்கு அனுப்பினார்கள்.

மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணை நம்பவில்லை. பிறகு புரிந்தது. அவர்களுக்குக் கொடுத்த தாளில் அந்த வாக்கியமும் 'இது தீ அறிவிப்பு, உடனே கூட்டத்தை வெளியேற்றவும்' என்பதும்தான் இருந்தன. எந்த வாசலைத் தவிர்ப்பது என்பது வாய்வழியாக வந்த பாடம். தெரிந்த நாற்பது வாய்களும் வீட்டில் இருந்தன. 'உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்' என்று வாக்கியமே சொல்கிறது. வரச் சொன்ன இடத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள்மேல் தப்புச் சொல்ல முடியாது.

மூன்றாம் வாசலில் நின்ற புதியவனும் ஷட்டரை நன்றாக மேலே ஏற்றி வைத்திருந்தான். எல்லோரும் படியிறங்கி வெளியே போனார்கள். நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு நிமிஷம். பிரமாதம்" என்றார். விசில் ஊதலை எடுத்து ஊதியே விட்டான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. பலகை வேலை செய்கிறதா என்றுதான் கேட்டார்கள். செய்கிறது என்றேன்.

அன்று சாயங்காலம் பூட்டிடம் சொன்னேன். எங்கள் வீட்டுச் சமையலறையில் அக்காவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வேலை போனதிலிருந்து அவன் அப்படித்தான், அவன் வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டைப் பூட்டித் திறந்ததில் மனைவி சாவியை ஒளித்து வைத்துவிட்டு அவனை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"தீ எரியற வாசலுக்கே கூட்டிட்டுப் போறானுங்களா? நல்லா இருங்கடா."

"நீ சிரி" என்றாள் என் மனைவி. "ஒரு நாள் நெஜமாவே பத்திக்கிட்டா தெரியும்."

அவன் சிரிப்பு நின்றது. கத்தியைக் கீழே வைத்தான்.

"அத்தான், நாளைக்கே போய்ச் சொல்லிருங்க. வெளையாட்டு இல்ல. இதுல பழைய ஆள் ஒருத்தன் உள்ள இருந்தான்னு வைங்க, இன்னும் மோசம். அவன் ஷட்டரை எறக்குவான், இவனுங்க அங்கயே கூட்டத்தைத் தள்ளுவானுங்க. நடுவுல ஜனம் நசுங்கிப்போயிரும்."

நான் அப்படி யோசித்திருக்கவில்லை. அவன் சொன்ன பிறகுதான் அது என் மனத்தில் வந்தது.

"சொல்றேன்" என்றேன்.

மறுநாள் நிர்வாகியின் அறை வாசல்வரை போனேன். உள்ளே என் குரல் கேட்டது. 'வணக்கம். மாநகராட்சி அரங்க வளாகம் உங்களை அன்புடன் வரவேற்கிறது.' யாருக்கோ போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் அவ்வளவு நன்றாக இருந்தது. முழுதும் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பூட்டு கேட்டான்.

"சொல்லிட்டீங்களா அத்தான்?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"நன்றின்னாரு. எல்லாருக்கும் திருத்திச் சொல்லிக் கொடுத்துட்டாங்க."

"விசிலுக்குத் தெரியுமா?"

"முதல்ல அவனுக்குத்தான்."

அவன் முகம் தெளிந்தது. மூன்று நாள் கழித்து அவனே வந்தான். ஒப்பந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்களாம். "சட்டை வேற கலர், அவ்வளவுதான். வாசல் அதே வாசல்தானே அத்தான். போகட்டுமா?" என் மனைவி என்னைப் பார்த்தாள். தம்பி மறுபடியும் மனிதனாக நடமாடினால் போதும் என்று அவளுக்கு. போ என்றேன். சேர்ந்துவிட்டான். மூன்றாம் வாசலில் போட்டார்கள். சரக்கு இறக்குவதற்காகக் கட்டிய வாசல் அது. உள்ளிருந்து இருபத்திரண்டு படிகள் இறங்கி, ஒரு திருப்பம் திரும்பினால் ஷட்டர். மேலே நிற்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது.

அவன் அங்கே யாரிடமாவது குடையைப் பற்றிப் பேசியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். பேச மாட்டான். பேசக்கூடாது என்பது விதி. அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நகரக் கூடைப்பந்து இறுதிப் போட்டி. பிற்பகல் மூன்று மணி. ஆறாயிரத்து நானூறு பேர். எனக்கு அது கடைசி நிகழ்ச்சி. நிர்வாகி முன்வரிசையில் இருந்தார். ஆட்டத்தின் இடைவேளையில் எனக்கு ஒரு சால்வை போர்த்துவதாகத் திட்டம். போர்த்தினார்கள். ஒலிவாங்கியில் இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். நேரமில்லை என்று நிர்வாகி பக்கத்தில் ஒலிப்பெட்டியோடு நின்ற ஊழியருக்குப் பொத்தானை அழுத்தச் சைகை காட்டினார். 'நன்றி, மீண்டும் வருக' என்றது என் குரல். ஜனம் கைதட்டியது. நான் மேலே ஏறி வந்தேன்.

நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் பொத்தானை அழுத்தினேன்.

பதிவு அரை நிமிட இடைவெளியில் மூன்று தடவை ஒலித்தது. ஆட்டம் நின்றது. காவலர்கள் எழுந்தார்கள். சிரித்த முகம். கூட்டம் மூன்றாம் வாசலை நோக்கி நகர்ந்தது. மேலிருந்து பார்க்க, தொட்டியில் அடைப்பை எடுத்தால் தண்ணீர் ஒரு மூலைக்குப் போகுமே, அப்படி. அவசரம் எதுவும் இல்லை. ஒரு பெண் திரும்பிப் போய் இருக்கையில் விட்ட பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

முதல் நான்கு நிமிடம் அப்படித்தான் போனது. பிறகு வாசலுக்கு அருகே தலைகள் நகர்வது நின்றது. பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. காவலர்கள் இன்னும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். விசில் ஊதிக்கொண்டே இருந்தான். ஆறாவது நிமிடத்தில் சத்தம் வந்தது. அதை நான் எழுதவில்லை. உங்களிடம் ஒலிப்பதிவு இருக்கிறது.

பதினோராவது நிமிடத்தில்தான் ஒலிவாங்கியை எடுத்தேன். அந்தப் பதினோரு நிமிடம் என்ன செய்தாய் என்று நாலு தடவை கேட்டுவிட்டீர்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தவறு பாதியில் இருக்கும்போது கையை நீட்டினால், நீட்டியவன்தான் கெடுத்தான் என்பார்கள். அது முழுதாகத் தெரிய வேண்டும். நிர்வாகி இருக்கையிலிருந்து எழுந்து, மூன்றாம் வாசலைப் பார்த்து, பிறகு அண்ணாந்து என் கண்ணாடியைப் பார்த்தார். அவருக்குத் தவறு தெரிந்துவிட்டது என்று அப்போது புரிந்துகொண்டேன்.

"அன்பான ரசிகர்களே" என்றேன். "அவரவர் இருக்கிற இடத்தில் அப்படியே நில்லுங்கள். கடைசியில் இருப்பவர்கள் ஒரு அடி பின்னால் வாருங்கள். இன்னும் ஒரு அடி."

வந்தார்கள். ஆறாயிரம் பேர், ஒரே காலடியில். நாற்பது நிமிடம் பேசினேன். வரிசை வரிசையாகப் பெயர்த்து மற்ற வாசல்களால் அனுப்பினேன். எந்தப் பதிவாலும் அது முடியாது.

படிகளில் இருபத்தேழு பேர். கடைசியாக ஷட்டரை ஒட்டி, பூட்டு. இரண்டு கையையும் விரித்தபடியே இருந்தானாம். ஷட்டர் பூட்டியிருந்தது. சாவி அவன் சட்டைப்பையில். பூட்டைத் திறந்து ஷட்டரை ஏற்ற அவனுக்கு ஒரு கணம் போதும். புகை கண்ணில் படாவிட்டாலும், என் குரல் சொன்னதால் அங்கே தீ இருக்கிறது என்று அவன் நம்பினான். தன் பின்னால் எரிகிறது, முன்னால் வருகிறவர்களை விடக்கூடாது. கடைசிவரை வேலையைச் செய்தான்.

மறுநாள் செய்தித்தாள்களில் என் பேச்சைத்தான் எழுதினார்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய குரல் என்று. நிர்வாகியை இடைநீக்கம் செய்தார்கள். இந்தக் குரலுக்கு இயந்திரம் மாற்றாகாது என்று மேயரே சொன்னார். இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அதை நான் கேட்டுப் பெறவில்லை.

தீ எங்கே என்று நீங்கள்தான் தேட ஆரம்பித்தீர்கள். கரி இல்லை, புகைக்கறை இல்லை. மூன்றாம் வாசலிலிருந்து போன் வந்தது என்று முதலில் சொன்னேன். அது சரியல்ல. போன் வரவில்லை. தீயும் இல்லை. ஒத்திகையில் நடந்த தவறை எல்லோரும் பார்க்கும்படி காட்டினேன், அவ்வளவுதான். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா? நன்றி என்று சொல்லி, திருத்திய வாக்கியத்தையும் என் குரலிலேயே பதிவு செய்துகொண்டிருப்பார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். சமையலறையில், அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டே கேட்டாள்.

"நிர்வாகிகிட்ட சொல்லிட்டேன்னு அவங்கிட்ட சொன்னீங்களே. நீங்க சொல்லிருந்தா, அங்க யாரும் வந்திருக்க மாட்டாங்களே."

"அவங்க மறந்திருப்பாங்க" என்றேன்.

என் குரல் அவளுக்குப் பழகிய குரல். நம்பினாள். இந்தத் தாளை அவளிடம் காட்ட வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பலகையில் எட்டுப் பொத்தான்கள் இருந்தன. மற்ற ஏழில் எதை அழுத்தியிருந்தாலும் அங்கே நிற்கிற புதியவன் ஷட்டரை ஏற்றிவிட்டிருப்பான். கூட்டம் சிரித்துக்கொண்டே வெளியே போயிருக்கும், தவறு யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்றில் மட்டும்தான் தெரியும். காவலர் பட்டியல் என் மேஜையில்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். அவ்வளவு பெரிய வளாகத்தில், சொன்னதைச் சொன்னபடி செய்வான் என்று நான் நம்பக்கூடியவன் அவன் ஒருவன்தான். அந்த நம்பிக்கையை அவன் காப்பாற்றினான். அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.